விதிவிலக்கு எதுவும் கூடாது

பன்னிரண்டாவது ஆள் நான். இப்போது மூன்றாவது ஆள் பேசிக்கொண்டிருக்கிறார். பேசுகிறார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கோப்பைத் திறக்காமலே "ஒம்பது அம்சமும் ரொம்ப நல்லா இருக்குதுங்க, ஏத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறார். எங்கள் பல்கலைக்கழகத்தில் கருத்துக் கேட்பது என்றால் இப்படித்தான். பணிமூப்பு வரிசையில் பதினேழு நாற்காலி போடுவார்கள், பதிவாளர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கூப்பிட்டவர் ஏற்றுக்கொள்வார், கடைசியில் வடை வரும். 'விரிவான விவாதத்துக்குப் பின் ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று கூட்டக் குறிப்பு நேற்றே தட்டச்சாகியிருக்கும், தேதிக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். வெளியே மாசி வெயில் கொளுத்துகிறது, எனக்கு முழங்கை வரை குளிர்கிறது. ஏசி என்று சொல்லிக்கொள்ளலாம். கோப்பின் அட்டையில் 'ஆசிரியர்களின் பொறுப்புடைமைக்கான அளவீடுகள்' என்று போட்டிருக்கிறது. பொறுப்பு இருக்கா உனக்கு என்று அம்மா கேட்பாள், அதையே இவர்கள் ஒன்பது அம்சமாகக் கேட்கிறார்கள். மூன்றாம் பக்கம், ஏழாவது அம்சம். பார்க்காமலே சொல்வேன். 'ஐந்து ஆண்டுகளுக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காத ஆய்வாளரின் பதிவை ரத்து செய்து, அவருடைய நெறியாளரிடமிருந்து அந்த இடத்தையும் திரும்பப் பெற வேண்டும். விதிவிலக்கு எதுவும் கூடாது.' இடம் என்றால் ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்கிற உரிமை. அது என் வாக்கியம். காற்புள்ளி போட்ட இடம்கூட என்னுடையதுதான்.

கூட்டம் தொடங்கும்போதே இன்பசேகரன் சொல்லிவிட்டார். தர உறுதிக் குழுவுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர், புள்ளியியல்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவர். "ஏழாவது அம்சம் மேலிடத்துல இருந்து வந்ததில்லீங்க. நம்மள்ல ஒருத்தர் எழுதிக் குடுத்தது. வார்த்தை மாத்தாம அப்படியே போட்டிருக்கறன்." யாருங்க அது என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். "பேர் சொல்லப்படாதுங்க, ரகசியம்" என்று என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்தார். ரகசியமாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு படிவம் வந்தது. ஆசிரியர்கள் தங்கள் ஆலோசனையை எழுதலாம், பெயர் குறிப்பிட வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் அப்போது தாவரவியல் துறைக்குத் தலைவர் பொறுப்பு. காலையில் கையெழுத்துப் போட ஆரம்பித்தால் சாயங்காலம் வரை போடுகிற வேலை. அந்தப் படிவத்தை எழுதி முடித்த கை நின்றிருக்கக் கூடாதா. கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே துறை முத்திரை குத்தினேன். முகப்புக் கடிதம் வைத்து, அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு, பெயர் வேண்டாத படிவத்தை ஒப்புகை வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் பிழைக்கிற ஆளைத் தவிர வேறு யாராலும் அந்தத் தப்பைச் செய்ய முடியாது. அந்தக் காகிதம் இப்போது இன்பசேகரனின் முழங்கைக்கு அடியில் இருக்கும் கனத்த கோப்பில் இருக்கிறது, என் ஊதா முத்திரையோடு. நான்காவது ஆள் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஐந்தாவது ஆளுக்கு இருமல்.

மாரப்பனுக்காக எழுதினேன், சத்தியமாக அந்த ஆளுக்காகத்தான். எங்கள் துறையில் எனக்கு மூத்தவர். அவரிடம் எட்டுப் பேர் ஆய்வுக்குப் பதிந்திருந்தார்கள், ஒன்பது வருஷம், பத்து வருஷம் என்று. ஒருத்தன் அவர் வீட்டு மின்கட்டணம் கட்டப் போவான், ஒருத்தி அவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி எழுதினாள். முந்நூற்றைம்பது உறை. அந்தப் பெண் ஒருநாள் பெண்கள் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள், அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். "என்னம்மா?" என்றேன். "மூணாவது சாப்டரை ஒரு வருஷமா வெச்சிருக்காருங்க மேடம். கேட்டா, உனக்கு என்ன அவசரம்ங்கறாருங்க." ஒவ்வொரு வருஷமும் அந்த எட்டுப் பேருக்கும் கால நீட்டிப்புக் கடிதம் போகும். மாணவரின் உடல்நிலை கருதி, குடும்பச் சூழல் கருதி, மனிதாபிமான அடிப்படையில் என்றெல்லாம் உருக்கமாக எழுதியிருப்பார். படித்தால் எனக்கே கண் கலங்கும். இந்த மனிதாபிமானம்தான் அந்த ஆளைக் காப்பாற்றுகிறது, அதை அடைத்தால் ஓடுவதற்கு வழியில்லை என்று நினைத்தேன். படிவத்தை எடுத்து எழுதினேன். விதிவிலக்கு எதுவும் கூடாது. எழுதும்போது என்ன ஒரு சந்தோஷம், பேனா காகிதத்தில் பள்ளம் விழுகிற மாதிரி அழுத்தினேன். மாரப்பன் போன மே மாதம் மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய எட்டுப் பேரில் சிலர் வேறு நெறியாளரிடம் முடித்துவிட்டார்கள், மற்றவர்கள் ஆய்வையே விட்டுவிட்டார்கள். நான் விட்ட அம்பு இரண்டு வருஷம் ஊர் சுற்றிவிட்டு இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த மாதக் கடைசியிலிருந்து நடைமுறை. ஐந்து வருஷம் தாண்டின ஆள் எங்கள் துறையில் இப்போது ஒருத்திதான், என் மாணவி.

கைப்பைக்குள் போன் அதிர்கிறது. பார்க்காமலே தெரியும், கோகிலவாணிதான். துறை வராந்தாவில் உலர்த்திய செடி மாதிரிகள் வைத்த அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கல்லூரியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கோபிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், பெயரில்தான் கௌரவம், ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி எடுப்பார்களா என்று தெரியாத வேலை. முனைவர் பட்டம் கையில் இருந்தால் நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம், வயது வரம்பு அடுத்த வருஷத்தோடு சரி. மேசைக்கு அடியில் வைத்துப் பார்க்கிறேன். 'மேடம் பேசிட்டீங்களாங்க?' முப்பத்தெட்டு வயதுப் பெண், இரண்டு பிள்ளைக்குத் தாய், கேள்விக்குறி போடுவதற்குக்கூட யோசித்துத்தான் போடுவாள். அவளுக்கு ஏழாவது அம்சம் தெரியும், அலுவலகத்தில் யாரோ படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். காலையில் என் அறைக்கு வந்து "யாருங்க மேடம் இப்படி எழுதியிருப்பாங்க? கைடு வெச்சு வேலையே பாத்திருக்க மாட்டாங்க போல" என்றாள். நான் பீரோவில் எதையோ தேடினேன். கொல்லிமலையில் மரப்பட்டையில் வளர்கிற கல்பாசி அவளுடைய ஆய்வு. பிரியாணிக்குப் போடுகிறோமே, அதுதான். வருஷத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று நத்தைக்கே பொறுமை போகிற மாதிரி வளரும். மரத்தின் மேல் கண்ணாடித்தாளை வைத்து, ஓரத்தை மெல்லிய பேனாவால் வரைந்து, அடுத்த வருஷம் அதே மரத்துக்குப் போய் மறுபடி வரைய வேண்டும். நூற்றுப்பன்னிரண்டு மரம். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டே பேருந்தில் ஏறிப் போய் அளந்தாள். நாலு வருஷம் ஒரு மாதத்தில் கடைசி இயலையும் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டாள்.

அங்கேதான் மனம் போய்த் தட்டி நிற்கிறது. சுற்றி வந்தாலும் அங்கேயே வந்து நிற்கிறது. நாலு வருஷம் ஒரு மாதம். நான் உடனே படித்திருந்தால் நாலரையில் சமர்ப்பித்திருப்பாள். இன்றைக்கு இந்த நாற்காலியில் நானும் தண்ணீர் பாட்டிலைத் திருகிவிட்டு ஏத்துக்கறேன் என்று சொல்லியிருப்பேன். பதினோரு மாதம் அந்த இயல் என் மேஜையில் கிடந்தது. வேலை இருந்தது, இல்லை என்று யார் சொன்னார்கள்? அந்த வருஷம் அங்கீகாரக் குழு வந்தது. துறைக்கு எத்தனை நாற்காலி, எத்தனை கருத்தரங்கு, வெளியேறிய மாணவர்களின் திருப்தி விழுக்காடு எத்தனை, இதையெல்லாம் நிரப்பினேன். தரமான ஆய்வு வழிகாட்டல் என்ற தலைப்பில் ஆறு பக்கம் எழுதினேன். அந்த ஆறு பக்கத்தை எழுதும்போது கோகிலாவின் இயல்மேல்தான் காகிதம் வைத்து எழுதினேன், மேஜையில் வேறு இடம் இல்லை. அவள் இரண்டாவது மாதத்தில் ஒருமுறை கேட்டாள். "படிச்சிட்டே இருக்கறம்மா" என்றேன். ஐந்தாவது மாதத்தில் கேட்டாள். "அட்டவணை ரெண்டுல ஒரு சந்தேகம், பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அட்டவணை இரண்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ஏழாவது மாதம் வந்து கதவோரம் நின்றாள், ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. தப்பு நம் பக்கம் இருக்கும்போது வருகிற கோபத்துக்கு வேகம் அதிகம். "எல்லா மரத்தையும் மறுபடி ஒரு தடவை அளந்துட்டு வந்துரு கோகிலா" என்றேன். "சாப்டர் குடுத்த பொறகும் ஒரு தடவை போய்ச் சரிபாத்தனுங்க, அது முடிஞ்சு நாலு மாசந்தானுங்க மேடம் ஆச்சு. அதுக்குள்ள ஒண்ணும் வளந்திருக்காதுங்களே?" என்றாள். "சந்தேகத்துக்கு இடம் இருக்கப்படாது, போய் அளந்துட்டு வா" என்றேன். போனாள். ஐப்பசி மழை, கார்த்திகை மழை, அட்டைக்கடி, சின்னவனுக்குக் காய்ச்சல், எல்லாவற்றோடும் போய் நூற்றுப்பன்னிரண்டு மரத்தையும் அளந்து முடிக்க நாலு மாதம் ஆயிற்று. ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. நான் எப்படியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இயலைப் படித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. எட்டுத் திருத்தம், எட்டும் எழுத்துப் பிழை. அதற்குள் ஐந்து வருஷம் முடிந்திருந்தது, அச்சும் சரிபார்ப்பும் முடிந்து சமர்ப்பிக்க அடுத்த மாதம் ஆகிவிடும்.

ஏழாவது ஆள், எட்டாவது ஆள். பதிவாளர் பெயர் படிக்கிற வேகம் கூடுகிறது, அவருக்கு நாலு மணிக்கு வேறு கூட்டம். வடை வாசனை கதவிடுக்கில் வந்துவிட்டது, கீரை வடை. என்ன சொல்லப் போகிறேன்? காலையில் குளிக்கும்போது தயார் செய்தது நன்றாகத்தான் இருந்தது. மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களே, களப்பணி சார்ந்த துறைகளுக்கு ஏழாவது அம்சத்தில் சிறு தளர்வு தேவை, கல்பாசி போன்ற மெதுவாக வளரும் உயிரிகள். ஐயோ, பொய். கல்பாசி அதன் நேரத்துக்குச் சரியாக வளர்ந்தது. என் மேஜைதான் நகரவில்லை. சரி, மாணவியின் குடும்பச் சூழல் கருதி என்று ஆரம்பிக்கலாம். மனிதாபிமான அடிப்படையில். ஆரம்பித்தால் மாரப்பன் என் வாய் வழியாகப் பேசுவார், அதே உருக்கம், அதே சொல். அன்றைக்கு அந்த ஆளைப் பார்த்து என்ன கேட்டேன், பெண்பிள்ளை வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறாயே என்று மனசுக்குள் கேட்டேன். நான் முகவரி எழுதச் சொல்லவில்லை, மின்கட்டணம் கட்டச் சொல்லவில்லை. மலைக்கு அனுப்பினேன், அவ்வளவுதான். அவ்வளவுதானா? முகவரி எழுதினதிலாவது முந்நூற்றைம்பது பேர் கல்யாணத்துக்கு வந்திருப்பார்கள். கோகிலா அளந்ததால் யாருக்கு என்ன? பேசாமல் ஏற்றுக்கொண்டு போய்விடலாம். இன்பசேகரன் நல்லவர், வாய் திறக்க மாட்டார், ஓய்வு பெறுகிறவரை என் முத்திரை அந்தக் கோப்புக்குள்ளேயே கிடக்கும். வராந்தாவில் போய் "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்மா, கேக்கல" என்று சொல்லலாம். அவள் நம்புவாள். அவள் நம்புவாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஆய்வேட்டின் நன்றியுரையை முந்தாநாள் காட்டினாள். ஒவ்வொரு மில்லிமீட்டரையும் இரண்டு முறை அளக்கக் கற்றுத்தந்த என் நெறியாளருக்கு என்று எழுதியிருந்தாள். "நல்லா இருக்குதுங்களா மேடம்?" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். வழி எங்கே இருக்கிறது, பத்தாவது ஆள் முடித்துவிட்டார், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. பக்கத்தில் இயற்பியல் ஆரோக்கியராஜ். "ரேணுகா மேடம், உடம்பு சரியில்லீங்களா? வேர்க்குது உங்களுக்கு" என்று காதோரம் கேட்கிறார். "ஒண்ணுமில்லீங்க" என்கிறேன். கோப்பைப் பிரிக்கிறேன். ஏழாவது அம்சத்தைப் படிக்கிறேன், முதல் தடவை படிக்கிற மாதிரி. ஆய்வாளரின் பதிவை ரத்து செய்து, நெறியாளரிடமிருந்து இடத்தையும் திரும்பப் பெற வேண்டும். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறேன், அதுவும் அவளை முதலில். அன்றைக்குக் குழாய்ச் சத்தத்துக்குள் அழுத பெண்ணுக்காகத்தானே எழுதினேன், எழுதும்போது அந்தப் பெண் என் நினைவில் இல்லை. மாரப்பனின் முகம் மட்டும் இருந்தது. அவள் பதிவும் போயிருக்கும், எட்டுப் பேர் பதிவும் போயிருக்கும், அந்த ஆள் மாலையோடு வீட்டுக்குப் போயிருப்பார். இது இரண்டு வருஷமாக எனக்கு உறைக்கவில்லை. ஆரோக்கியராஜ் "ஏத்துக்கறேங்க" என்று சொல்லியாயிற்று. பதிவாளர் பட்டியலில் விரலை வைத்து "பேராசிரியர் ரேணுகாதேவி" என்கிறார்.

எழுந்துவிட்டேன். யாரும் எழவில்லை இதுவரை, உட்கார்ந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள். "ஏழாவது அம்சத்தை எழுதினது நான்தானுங்க" என்கிறது என் குரல். இன்பசேகரன் பதறிப்போய் "மேடம், அது வேண்டாங்களே, ரகசியம்..." என்கிறார். "பரவாயில்லீங்க. தப்பா எழுதிட்டேன். அஞ்சு வருஷம் தாண்டின ஸ்காலர் எங்கிட்ட ஒருத்தி இருக்கா. நாலு வருஷத்துலயே முடிச்சுக் குடுத்துட்டா. அவளோட கடைசி சாப்டர் பதினோரு மாசம் எம் மேஜையில இருந்துச்சு. நான் படிக்கல." யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது, நிறுத்தவில்லை. "நெறியாளர்கிட்ட இருந்து இடத்தை எடுக்கறது இருக்கட்டும். என் இடத்தை இன்னிக்கே எடுத்துக்குங்க. தாமதம் நெறியாளரோடதுன்னா ஸ்காலரோட பதிவைத் தொடாதீங்க. அதுக்குப் பேரு விதிவிலக்கு இல்லீங்க." பதிவாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். வடைத் தட்டோடு உள்ளே வந்த கேன்டீன் அம்மா கதவிலேயே நின்றுவிட்டார். "மேடம், இது கருத்துங்களா, வாக்குமூலமுங்களா?" என்கிறார் பதிவாளர். இரண்டு பேர் சிரிக்கிறார்கள். "ரெண்டுந்தானுங்க" என்கிறேன். சிரிப்பு நின்றுபோகிறது. இன்பசேகரன் தட்டச்சான குறிப்பைப் புரட்டிப் பார்க்கிறார், ஒருமனதாக என்ற சொல்லைத் தேடுகிறார் என்று நினைக்கிறேன். "இதை எப்படிங்க மேடம் பதிவு பண்றது?" என்றார். "சொன்னபடியே. பேர் போட்டு" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். எடுத்தார், அது நிச்சயம். எழுதினாரா என்று இங்கிருந்து தெரியவில்லை.

உட்கார்கிறேன். ஆரோக்கியராஜ் என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைக்கிறார். அவரிடமும் இரண்டு பேர் ஆறாவது வருஷத்தில் இருக்கிறார்கள் என்று கேள்வி. கோகிலாவின் பதிவு பிழைக்குமா தெரியாது. மேலே போய், குழு கூடி, இது ஒரு தனிநபர் கருத்து என்று ஓரமாக வைத்தாலும் வைப்பார்கள். போன் மறுபடி அதிர்கிறது. 'மேடம்?' அவ்வளவுதான் அனுப்பியிருக்கிறாள். பதினாறு பேர் முன்னால் சொன்னது ஒரு பாதி. மலை இன்னும் பாக்கி இருக்கிறது. அது எந்தக் குறிப்பிலும் வராது, யாரும் கேட்கவும் மாட்டார்கள், அவளும் நானும் செத்துப்போனால் அதுவும் போய்விடும். பயம் குறையவில்லை, கூடியிருக்கிறது. இந்தப் பதினாறு பேர் என்னைப் பற்றி என்ன நினைத்தால் எனக்கென்ன. மேசைக்கு அடியில் ஒற்றை விரலால் தட்டுகிறேன், எழுத்து மாறி மாறி விழுகிறது, அழித்து அழித்துத் தட்டுகிறேன். 'பேசிட்டேன். ஏழாவதை எழுதினது நான்தான் கோகிலா. நாலு மாசம் உன்னை மறுபடி அளக்கச் சொன்னதும் சந்தேகத்துல இல்ல. அப்ப நான் உன் சாப்டரைப் பிரிக்கவே இல்ல. அதை மறைக்கத்தான்.' அனுப்பினேன். கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. படித்துவிட்டாள். வராந்தாவில் அவள் எழுந்து போய்விட்டாளோ, அலமாரிக் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறாளோ, பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறாளோ. பதிவாளர் பதின்மூன்றாவது பெயரைப் படிக்கிறார், அந்த ஆள் ஏற்றுக்கொள்கிறாரா இல்லையா என்பது காதில் விழவில்லை. திரையில் எழுத்து வந்தது.

'தெரியுங்க மேடம். நாலு மாசத்துல கல்பாசி வளராதுங்களே.'